பூனையின் சுதந்திரமும் நம்முடைய சாக்கும்

பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்க்கிறேன் என்று திருநெல்வேலியில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். முதலில் ஒரு சிரிப்பு வரும். பின்னாலேயே புத்திமதி வரும். "பூனைய எங்கயாவது அடச்சு வளப்பாவளா? அது பாட்டுக்குப் போவும், வரும்" என்பார் வளவு வீட்டு ஆச்சி. "கதவத் தொறந்தா பாயத்தான் செய்யும் அண்ணாச்சி, அதோட குணம் அது" என்பார் எதிர்வீட்டுக்காரர். படித்தவர்கள் இதையே கொஞ்சம் மெருகேற்றி இயற்கை என்பார்கள், உரிமை என்பார்கள், சுதந்திரம் என்பார்கள். எல்லோருடைய தீர்ப்பும் ஒன்றுதான்: கதவு திறந்தால் பூனை பாய்வதைத் தடுக்க முடியாது, முடிந்தாலும் தடுப்பது பாவம்.

தடுக்க முடியும். இன்றைய நெல்லைத் தெருக்களில் தடுக்காமல் விடுவதுதான் பாவம். வாசலைத் தாண்டிப் பாய்கிற பூனை இரையைத் தேடுகிறது, துணையைத் தேடுகிறது, பொழுது போகாமல் எதையாவது தேடுகிறது. மூன்றும் வீட்டுக்குள் தீர்க்கக்கூடிய குறைகள். தீர்க்க மனமில்லாதவர்கள் கதவைத் திறந்து விட்டுவிட்டு, அந்தச் சோம்பலுக்குப் பெரிய பெயராகச் சூட்டி வைத்திருக்கிறார்கள்.

"நம்ம பாட்டன் பூட்டன் காலத்துல பூனை வெளிய போயி வந்துக்கிட்டுத்தானே இருந்துச்சு?" என்பது இவர்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். இருந்தது, மறுக்கவில்லை. அது எந்த வீடு என்று ஞாபகப்படுத்திப் பார்க்க வேண்டும். கார், பிசானம் என்று இரண்டு போகம் விளைந்த ஆற்றுப்பாசனம் இது. கன்னடியன் கால்வாயிலிருந்து மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகள் வரை தாமிரபரணித் தண்ணீர் பாய்ந்த ஊர்களில் நிலம் உள்ள வீட்டில் எல்லாம் ஒரு குலுக்கையோ பத்தாயமோ இருந்தது. நெல் இருந்த வீட்டில் எலி இருந்தது. எலி இருந்ததால் பூனை இருந்தது. உலகம் முழுக்கப் பூனை மனிதனோடு சேர்ந்த கதையே இதுதான். சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு புதைகுழியில் மனித எலும்புக்கூட்டின் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டார்கள். மேற்காசியாவில் மனிதர்கள் தானியத்தைச் சேர்த்து வைக்கத் தொடங்கியபோது, எலிக்காக ஊரை ஒட்டி வந்த காட்டுப்பூனையின் வாரிசுகள்தான் இன்று நம் சோபாவில் படுத்திருப்பவை. அந்தக் காலத்துப் பூனை வேலைக்காரப் பூனை. எலிதான் வேலை, எலியேதான் கூலி.

இன்றைக்கு அரிசி கடையிலிருந்து 25 கிலோ மூட்டையாக வருகிறது. (2022இல் பொட்டல அரிசிக்கு வரி வந்த பிறகு அதைத் தாண்டுவதற்காக 26 கிலோ மூட்டையும் வந்தது, நம் ஆட்களுக்கு வழியா தெரியாது?) குலுக்கை எப்போதோ உடைந்து போனது. எலிக்குக் கடையில் பசை அட்டை விற்கிறார்கள். வேலை போய்விட்டது, வேலைக்காக அனுமதித்த அந்தப் போக்கும் வரத்தும் மட்டும் ஏன் மிச்சமிருக்க வேண்டும்?

அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. பழைய நெல்லை வீட்டில் பூனை வாசல் கதவு வழியாகப் போய்வரவே இல்லை. திண்ணை, நடை, தார்சா, முற்றம், அடுக்களை, புறவாசல் என்று ஒரே நேர்கோட்டில் நீளும் வீடுகள். பக்கச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொதுச் சுவர். ஓட்டுக் கூரையில் ஏறினால் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தரையில் கால் படாமல் போகலாம். முற்றத்தின் வழியே இறங்கினால் எந்த அடுக்களையும் அதனுடையதுதான். நாய்க்கு எட்டாத, வண்டிச் சக்கரம் வராத ஒரு தனிப்பாதையைக் கூரைமேல் வைத்திருந்தது அந்தப் பூனை. பெருமாள்புரத்தில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருக்கும் பூனைக்கு உள்ள வழி ஒன்றே ஒன்று. கதவு, படிக்கட்டு, அதற்குக் கீழே வரிசையாகக் கிளம்பும் பைக்குகள். ஓட்டையும் முற்றத்தையும் இடித்துக் கான்கிரீட் போட்டாயிற்று. பூனை வெளியே போவதை மட்டும் பாட்டன் வழக்கம் என்று காப்பாற்றுகிறோம்.

வெளியே என்ன இருக்கிறது என்பதை ஊருக்குள் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கே.டி.சி. நகர் பக்கம் நான்குவழிச் சாலை. தென்புறவழிச் சாலையில் இரவு முழுக்க லாரி. பாளையங்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் கூட்டமாகத் திரியும் நாய்கள். இவற்றைவிட எனக்குப் பெரிய பயம் வெறிநோய். வெறிநோய் நாயோடு முடிந்துபோகிற விஷயம் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். கடிபட்ட பூனைக்கும் அது வரும். பூனையின் பல்லும் அதைக் கொண்டுவரும். நோய்க்குறி வெளியே தெரிந்துவிட்டால் மனிதர்களில் பிழைப்பவர்கள் அநேகமாக இல்லை. தடுப்பூசி போடாத பூனையைத் தெருவில் விட்டு, இரவு அதைக் கட்டிலில் பிள்ளையோடு படுக்க வைக்கிற வீடுகள் இந்த ஊரில் ஏராளம்.

"எங்க பூனை போயிட்டு வந்துருமே" என்பார்கள். வந்த பூனை கண்முன் நிற்கிறது, அதனால் அதை எண்ணுகிறார்கள். வராமல் போன பூனைகளைக் கேட்டால், "அது எங்கயோ போயிட்டு" என்ற ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். அந்த 'எங்கயோ' பெரும்பாலும் சாலை ஓரமாகத்தான் இருக்கிறது. காலையில் கடைக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்றும் இவர்களே சொல்வதுதான்: நாய் ஆளோடு ஒட்டும், பூனை வீட்டோடுதான் ஒட்டும். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். வீட்டோடு ஒட்டிய பிராணி வீட்டைவிட்டுப் பாய்ந்து ஓடுவது எப்படி அதன் பிறவிக்குணம் ஆகும்? இரண்டில் ஒன்றைத்தான் இவர்கள் வைத்துக்கொள்ளலாம். உண்மையில் பூனை வீட்டோடுதான் ஒட்டும் என்பதே முழுசாகச் சரியில்லை. அமெரிக்காவில் கிறிஸ்டின் விட்டேல் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட பூனைக்குட்டிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு, கைக்குழந்தை தாயிடம் காட்டுவது போன்ற நம்பிக்கையான பிணைப்பைத் தன்னை வளர்ப்பவரிடம் காட்டின. வளர்ந்த பூனைகளிலும் அதே கணக்குதான்.

இனி, நம் ஊருக்கே உரிய ஒரு காரணம். சொன்னால் சிலருக்குக் கோபம் வரும்.

நெல்லையில் சைவ வீடுகள் அதிகம். அந்த வீடுகளில் பூனைக்கும் சைவச் சாப்பாடுதான். காலையில் பால், மத்தியானம் பருப்புச் சோறு, ராத்திரி தயிர்ச் சோறு. பூனை தட்டை நக்கி வைக்கும், நமக்கும் திருப்தி. ஆனால் பூனையின் உடம்பு இறைச்சிக்காகவே அமைந்தது. டாரின் என்ற சத்தைத் தேவையான அளவுக்குத் தானே உண்டாக்கிக்கொள்ள அதன் உடம்பால் முடியாது. மாமிசத்திலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் கண்பார்வை போகும், இதயத் தசை தளர்ந்துபோகும். டாரின் குறைவுக்கும் பூனையின் இதய நோய்க்கும் உள்ள தொடர்பு வெளியானது 1987இல். அதன் பிறகுதான் பூனைத் தீவனக் கம்பெனிகள் அந்தச் சத்தைக் கூட்டின. பாலும் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குச் சரியாகச் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்குதான் மிச்சம். இப்படி அரைப்பட்டினியில் இருக்கும் மிருகம், கதவிடுக்கில் அணில் சத்தம் கேட்டதும் பாயாமல் என்ன செய்யும்? அதற்குப் பெயர் சுதந்திர தாகமா? பசி ஐயா, பசி.

இதற்கு அளந்து பார்த்த சான்றும் இருக்கிறது. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு அது. தானியம் கலக்காத, இறைச்சிப் புரதம் மிகுந்த தீவனத்துக்கு மாற்றிய வீடுகளில் பூனைகள் வேட்டையாடிக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் ஐந்து பத்து நிமிடம் பூனையோடு விளையாடிய வீடுகளில் 25 சதவீதம் குறைந்தது. அங்கே பூனையைப் பூட்டவில்லை, கதவும் மூடவில்லை. சாப்பாட்டையும் விளையாட்டையும் சரிசெய்ததற்கே இந்தப் பலன்.

வீட்டில் கோழி அவிக்கக் கூடாது என்றால் கடைத் தீவனம் வாங்குங்கள். டப்பாவை அடுக்களைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஆகாது என்றால் முயல் வளர்க்கலாம், கிளி வேண்டாம், அது சட்டப்படி குற்றம். பூனையை மட்டும் வளர்க்காதீர்கள். சைவம் உங்கள் விரதம். பூனை சங்கல்பம் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. அசைவ வீட்டார் ரொம்பவும் நிமிர்ந்து உட்கார வேண்டாம்: வெங்காயம், பூண்டு போட்ட மீன்குழம்புச் சோறும் உப்புக் கருவாடும் பூனைக்குக் கெடுதல்தான். உப்பில்லாமல் அவித்த கோழித்துண்டு வேறு, நாம் சாப்பிட்ட மிச்சம் வேறு.

இரைக்கு அடுத்தது துணை. கருத்தடை செய்யாத கடுவன் பூனையை வைத்துக்கொண்டு அது ஓடுகிறது என்று புலம்புவதில் அர்த்தமே இல்லை. தெருக்கோடியில் ஒரு பெட்டை கத்தினால் போதும், எந்தக் கதவும் அதற்குக் கதவாகத் தெரியாது. பெட்டையும் நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடக்கூடும். வெயில் குறையாத நம் நாட்டில் வருஷம் முழுக்க ஈனும். சினைக்காலம் இரண்டு மாதம்தான். ஹார்ட், பாரெட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1973இலேயே, கருத்தடை செய்த வளர்ந்த கடுவன்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் ஊர் சுற்றுவதைக் குறைத்துக்கொண்டன என்று எழுதிவிட்டார்கள். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இங்கே இன்னும் "பாவம், அதோட வாழ்க்கையைக் கெடுக்கணுமா?" என்று கேட்கிறார்கள். கேட்கிற அதே வாய், குட்டி போட்டதும் "சாக்குல கட்டி ஆத்துக்கு அக்கரையில விட்டுட்டு வாங்க" என்கிறது. பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும் விதத்தில் ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி குற்றம். இதில் பாவம் எது, சுதந்திரம் எது என்று அவர்களே சொல்லட்டும்.

இப்போது கதவுக்கு வருவோம். "எப்பவும் சாத்தி வச்சிருங்க" என்பது இன்னொரு கட்சியின் யோசனை. அவர்களும் நம் வீடுகளைப் பார்த்ததில்லை என்றுதான் நினைக்கிறேன். பூனை சுறுசுறுப்பாக இருப்பது விடியும் நேரத்திலும் அந்தி நேரத்திலும். நம் வீட்டு வாசல் எப்போது திறக்கிறது? விடியக்காலம் வாசல் தெளித்துக் கோலம் போட. பால் பாக்கெட் எடுக்க. பிறகு சாயங்காலம் விளக்கேற்றும்போது புறவாசலைச் சாத்தி, லட்சுமி வர முன்வாசலைத் திறந்து வைப்பது. பூனையின் வேட்டை நேரமும் நம் வாசல் திறக்கும் நேரமும் அச்சாக ஒன்றுதான். இதற்கு நடுவே சிலிண்டர்காரர், கொரியர், தண்ணீர் கேன். போதாததற்கு ஆனித் தேர்த் திருவிழா, தீபாவளி. அதிலும் வெடிச் சத்தத்தில் வெலவெலத்துப்போன பூனை கண்ட திசையில் ஓடும். இப்படிப்பட்ட வீட்டில் கதவைச் சாத்தியே வை என்பது நடக்கிற காரியமா? திறந்த கதவுக்கு முன்னால் நிற்கப் பூனைக்குக் கற்றுக்கொடுப்பது ஒன்றே வழி.

பூனைக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்க முடியாது என்பவர்களுக்கு ஒரு கேள்வி. ஃபிரிட்ஜ் கதவுச் சத்தத்துக்கு ஓடி வரத் தெரிந்த பூனைக்கு, வாசல் கதவுச் சத்தத்துக்கு உள்ளே ஓடத் தெரியாதா? தன் பெயரை மற்ற சொற்களிலிருந்து பூனை பிரித்தறிகிறது என்று ஜப்பானின் அட்சுகோ சைட்டோ 2019இல் சோதித்துக் காட்டியிருக்கிறார். கூப்பிட்டால் வருவதும் வராததும் அதன் இஷ்டம், அது வேறு.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வாசலிலிருந்து தள்ளி, பூனைக்குப் பிடித்த உயரமான ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டூல், டிரங்குப் பெட்டி, அலமாரி மேல்தட்டு, எதுவும் சரி. கதவு மூடியிருக்கும்போதே காலிங் பெல்லை அடியுங்கள்; அடித்த கையோடு அந்த இடத்தில் ஒரு கோழித்துண்டு வையுங்கள். பெல் என்றால் ஸ்டூல், ஸ்டூல் என்றால் கோழி என்பது அதன் மண்டையில் ஏறட்டும். ஏறிய பிறகு கதவை விரலளவு திறந்து இதையே செய்யுங்கள். பிறகு அரைக்கதவு. பிறகு முழுக்கதவு, வெளியே வீட்டு ஆள் ஒருவர் கொரியர்காரர் போல நிற்க. ஒரு கட்டம் தேறாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. இதில் யாரும் கவனிக்காத இரண்டு நுட்பம் உண்டு. ஒன்று, வெளியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே குனிந்து பூனையைக் கொஞ்சக் கூடாது. கொஞ்சினால் பூனை வாசலிலேயே காத்துக் கிடக்கும். காத்துக் கிடக்கும் பூனைதான் பாயும். உள்ளே வந்து, அதன் இடத்துக்குப் போய்க் கொஞ்சுங்கள். இரண்டு, வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். பத்துத் தடவைக்கு ஒரு தடவை தப்பிக்க முடிந்தாலும் பூனை அந்த ஒரு தடவைக்காகப் பத்துத் தடவையும் முயன்று பார்க்கும். பூனை கற்றுக்கொள்வது சுலபம். மாமாவுக்கும் பேரனுக்கும் கற்றுக்கொடுப்பதுதான் கஷ்டம்.

கோலம் போடுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒரு கயிற்றையோ இறகையோ ஆட்டி அதை ஓடவிட்டு, பிறகு சாப்பாடு வைத்துவிட்டுக் கதவைத் திறந்தால், வேட்டை முடிந்து வயிறு நிறைந்த பூனை தன்னை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். விளக்கு நேரத்துக்கும் ஒரு தோது இருக்கிறது. ஃபிளாட்டுகளில் மரக்கதவுக்கு வெளியே கிரில் கேட் இருக்கும். அதன் அடிப்பாதியில் நெருக்கமான கம்பி வலையைப் பற்றவைத்து, மரக்கதவை மட்டும் திறந்து வையுங்கள். லட்சுமிக்கு எந்த இடைவெளியும் போதும். பழைய வீட்டின் தெருக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவே நடை என்றொரு பகுதி இருந்ததே, அதைவிட நல்ல ஏற்பாட்டை எந்த வெளிநாட்டு நிபுணரும் சொல்லிவிடவில்லை: ஒரு கதவு சாத்திய பிறகுதான் அடுத்தது.

பாயும் பூனைக்கு நம் ஊரில் கொடுக்கும் வைத்தியத்தையும் சொல்ல வேண்டும். தண்ணீரை வீசுவது, செருப்பை எறிவது, வாசற்படியில் மிளகாய்ப் பொடி தூவுவது, அந்துருண்டை போடுவது. தண்ணீர் வீசினால் பூனை தண்ணீர் வீசியவரைக் கண்டு பயப்படும். கதவைக் கண்டு அல்ல. அவர் இல்லாத நேரமாகப் பார்த்துப் பாயும். மிளகாய்ப் பொடி காலில் ஒட்டி, நக்கும்போது வாய்க்கும் கண்ணுக்கும் போகும். அந்துருண்டை பூனைக்கு விஷம். நாய் வராமலிருக்கக் கேட்டில் நீலத் தண்ணீர் பாட்டில் கட்டித் தொங்கவிடும் ஊர்தானே நாம். அதன் கீழேயே நாய் படுத்திருக்கும்.

தப்பிய பூனையைக் கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்குவது இன்னொரு வழக்கம். "தாய்ப்பூனை அப்படித்தானே தூக்குது?" என்பார்கள். தாய்ப்பூனை குட்டியைக் கவ்வுவதை வைத்து, உயிரைக் காக்கும் பொறுப்பு முழுதும் இறைவனுடையதே என்று விளக்குவது தென்கலை வைணவத்தின் மார்ஜார நியாயம். அந்த மரபின் பெரிய ஆசாரியர் மணவாள மாமுனிகளின் ஆழ்வார்திருநகரி நம் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. ஆனால் அது குட்டிக்குச் சொன்னது. நாலு கிலோ வளர்ந்த பூனையை அப்படித் தூக்கினால் அதற்கு வலி, பீதி. அடுத்த முறை கையிலேயே சிக்காது. ஒரு கை நெஞ்சுக்கடியில், ஒரு கை பின்னங்காலுக்கடியில். அந்த நியாயத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கழுத்தை அல்ல, பொறுப்பை. சரணடைந்த குட்டி எதுவும் செய்ய வேண்டியதில்லை, தூக்குகிறவளுக்குத்தான் எல்லா வேலையும் என்கிறது அது.

வெளியே விடுவதால் பூனைக்கு மட்டுமா ஆபத்து? நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில், வீட்டு வாசல் மரங்களிலேயே கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டுகின்றன. பறவைகள் மிரளும் என்று அந்த ஊரார் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கூந்தன்குளம் 1994இல் சரணாலயமானது, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக 2022இல் அறிவிக்கப்பட்டது. 2011 முதல் தாமிரபரணிப் படுகையின் குளங்களில் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்திவருகிறார்கள். பறவைக்காக வெடியை விட்ட மக்கள் வாழும் அதே மாவட்டத்தில், பூனை கவ்விவந்து போட்ட தேன்சிட்டைப் பார்த்து "கெட்டிக்காரி" என்று மெச்சுகிறோம். நாரையைப் பூனை ஒன்றும் செய்துவிடாது, நிஜம்தான். தவிட்டுக்குருவி, தேன்சிட்டு, அணில், ஓணான், அரணை, இவைதான் அதன் கணக்கில் போகின்றன. அமெரிக்காவில் வெளியே திரியும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி பறவைகளைக் கொல்கின்றன என்று 2013இல் மதிப்பிட்டார்கள். உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்ற சர்வதேசப் பட்டியலில் வீட்டுப் பூனையும் இருக்கிறது. இயற்கை இயற்கை என்று பேசுகிறவர்கள், நம் மண்ணின் இயற்கையில் வீட்டுப் பூனை வெளியூர்க்காரர் என்பதைக் கொஞ்சம் நினைவில் வைக்க வேண்டும். இங்கே இயற்கையாக இருப்பது களக்காடு முண்டந்துறைப் பக்கம் திரியும் காட்டுப்பூனை. அதை யாரும் சோபாவில் படுக்க வைக்கவில்லை.

எதிர்க்கட்சியில் மதிக்கத்தக்க ஒரு குரல் இருக்கிறது. பிரிட்டனில் பூனை நல அமைப்புகளே பூனை வெளியே போய்வருவது நல்லது என்கின்றன. வீட்டுக்குள் அடைபட்ட பூனை பருத்துப் போகிறது, சலித்துப் போகிறது, சிறுநீர்ப்பைத் தொல்லைகள் வருகின்றன என்கிறார்கள். அந்தக் குறைகள் நிஜம். ஆனால் பிரிட்டன் தெருவில் வெறிநோய் கிடையாது, தெருநாய்க் கூட்டமும் கிடையாது. லண்டன் புறநகரின் புல்வெளிக்குச் சொன்னதை வண்ணார்பேட்டை மேம்பாலத்தடிக்குக் கொண்டுவரக் கூடாது. அவர்கள் சொல்வதில் நமக்குப் பாடம் உண்டு: பூனையை உள்ளே வைப்பது என்றால் வெறுமனே பூட்டி வைப்பதல்ல. ஏறுவதற்கு உயரம், எட்டிப் பார்க்கக் கம்பி வலை போட்ட ஜன்னல், கீறுவதற்குக் கயிறு சுற்றிய கட்டை, தினமும் விளையாட்டு. புறாவுக்குப் போடும் நைலான் வலை பூனைப் பல்லுக்குத் தாங்காது. இரும்பு வலை வேண்டும். இவ்வளவும் செய்ய முடியாதவர் பூனையை வைத்திருக்கத் தேவையில்லை. வயக்காட்டில், தோட்டத்து வீட்டில், பிறந்தது முதல் வெளியிலேயே வளர்ந்த கிழட்டுப் பூனையை இன்று திடீரென்று அறைக்குள் அடைக்கவும் நான் சொல்லவில்லை. கருத்தடையும் தடுப்பூசியும் செய்து விடுங்கள், போதும்.

பூனையை உள்ளே வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லையும் தூத்துக்குடியும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. சிந்துபூந்துறையிலும் வண்ணார்பேட்டையிலும் வீட்டுக்குள் ஆறு வந்தது. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறிய அந்த ராத்திரியில், வீட்டுக்குள் இருந்த பூனையைக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போக முடிந்திருக்கும். ஊர் சுற்றப்போன பூனையை எந்தத் தெருவில் போய்த் தேடுவது?

எல்லாம் செய்தும் ஒருநாள் தப்பிவிடலாம். கம்பராமாயணத்தில் இந்திரனே கௌதமரிடமிருந்து நழுவப் பூனை உருவத்தைத்தான் எடுத்தான். பின்னால் துரத்தாதீர்கள், துரத்தினால் அதற்கு விளையாட்டு, அல்லது பீதி. வீட்டுப் பூனை தூரம் போகாது. பக்கத்துப் படிக்கட்டின் அடியில், வண்டிக்கு அடியில், ஏ.சி. பெட்டிக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒடுங்கியிருக்கும். காணாமல் போய்க் கிடைத்த பூனைகளைப் பற்றி 2018இல் வந்த ஓர் ஆய்வில், நான்கில் மூன்று 500 மீட்டருக்குள்தான் கிடைத்திருக்கின்றன. ராத்திரி சந்தடி அடங்கிய பிறகு டார்ச் அடித்துக் கண் மின்னுகிறதா என்று பாருங்கள். சாப்பாட்டுக் கிண்ணத்தைத் தட்டுங்கள். வந்ததும் திட்டாதீர்கள். திரும்பி வந்ததற்குத் தண்டனை என்றுதான் அதற்குப் புரியும்.

இராமையன்பட்டியில் 2012இல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊருக்குள் தனியார் மருத்துவர்களும் இருக்கிறார்கள். பூனை வைத்திருப்பவர்கள் வரும் ஆனித் தேருக்குள் கருத்தடைக்கும் வெறிநோய்த் தடுப்பூசிக்கும் நாள் கேட்டு முடித்துவிடுங்கள். தேரன்று சொந்தபந்தம் வந்து போகும் வீட்டில் கதவைச் சாத்தி வைக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.